திருநெல்வேலி சிந்துபூந்துறை அச்சகத்துக்கு எந்த லினக்ஸ்? 5 கணினி, 1 சர்வர், ஆவணிக்குள்ள முடிக்கணும்

சிந்துபூந்துறை (கேள்வி; எழுதுறவங்க எல்லாரும் அவங்கவங்க பகுதிப் பேர்ல)

கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் அடிக்கிற அச்சகம். ஆடி முடியுறதுக்குள்ள மாத்திடணும். ஆவணி முகூர்த்தம் தொடங்கிட்டா எந்த மெஷினையும் அரை நாள் கூட நிறுத்த முடியாது. இருக்கிறது:

டிசைன் மெஷின்: ஐ5-4570, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. கோரல்டிரா, பேஜ்மேக்கர் 7.
டைப்பிங் மெஷின் (ரெண்டு): ஐ3-2120, 4 ஜிபி, விண்டோஸ் 7. பாமினி எழுத்துரு.
முன்மேசை: கோர் 2 டுவோ இ7500, 2 ஜிபி, 32 பிட் எக்ஸ்பி. பில்லும் மெயிலும் மட்டும்.
ஸ்டிக்கர் கட்டர் மெஷின்: எக்ஸ்பி. கட்டர் சாஃப்ட்வேர் அதுலதான் ஓடும்.
சர்வர்: ஜியான் இ3-1220 வி2, 8 ஜிபி, 1 டிபி டிஸ்க் ரெண்டு, சென்ட்ஓஎஸ் 7 (லினக்ஸ்). சாம்பா பகிர்வு (மத்த மெஷின்களுக்கு நெட்வொர்க்ல கோப்பு கொடுக்கிறது) மட்டும்.
பிரிண்டர்: எச்பி 1020, கேனன் எல்பிபி 2900.

விண்டோஸ் 11 இதுல எதுலயும் ஏறாதாம். அதனால இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறப் பார்க்கேன். சர்வர்ல யம் அப்டேட் (மென்பொருளைப் புதுப்பிக்கிற கட்டளை) கொடுத்தா மிரர்லிஸ்ட் (இறக்குற தளங்களோட பட்டியல்) முகவரியே கிடைக்கலைன்னு நிக்குது. லினக்ஸ் வகையில ஒருத்தர் உபுண்டுங்கார், ஒருத்தர் ஃபெடோராங்கார், இன்னொருத்தர் எல்லாத்துலயும் காளி லினக்ஸ் போடச் சொல்லுதார். எதைப் போட?

குறுக்குத்துறை

காளியை முதல்ல தள்ளி வைங்க. அது பாதுகாப்புச் சோதனை செய்யுறவங்களோட கருவிப்பெட்டி. பில் போடுறதுக்கு இல்லை. ஃபெடோரா நல்ல சரக்கு, ஆனா ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய 13 மாசம்தான் ஆதரவு. வருஷா வருஷம் மாத்த அச்சகத்துல ஆள் இருக்கா?

சர்வர் நிக்குறதுக்குக் காரணம் நெட் இல்லை. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட ஆதரவு முடிஞ்சு, மிரர்லிஸ்ட் முகவரியையும் எடுத்துட்டாங்க. பழைய தொகுப்புகள் வால்ட்ங்கிற சேமிப்புத் தளத்துல கிடைக்கும். அங்கேயும் புதுப் பாதுகாப்புத் திருத்தம் வராது.

எந்த லினக்ஸ்னு பார்க்கிறதுக்கு முன்னாடி எந்த மெஷின் விண்டோஸை விட முடியாதுன்னு பிரிங்க. கோரல் இருக்கிற டிசைன் மெஷினும் கட்டர் மெஷினும் அப்படியே இருக்கட்டும். லினக்ஸ்ல ஓடுற வரைகலை மென்பொருள் இங்க்ஸ்கேப் கோரல் கோப்பைத் திறக்கும். எழுத்து இடம் மாறி நிக்கும். சிவகாசிக்குப் பிளேட்டுக்கு அனுப்புற வேலையில அந்த விளையாட்டு வேண்டாம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிஞ்சது. அதனால அந்த ரெண்டு மெஷின்லயும் ஐபியைக் கையால கொடுத்து, கேட்வே கட்டத்தையும் டிஎன்எஸ் கட்டத்தையும் காலியா விடுங்க. சர்வரைப் பார்க்கும், வெளி இணையத்துக்குப் போகாது. மெயில்ல வர்ற கோப்பை முன்மேசையில இறக்கி, சர்வர் வழியா எடுத்துக்கலாம்.

மிச்சம் நாலு பெட்டிக்கும் டெபியன் 13. 2025 ஆகஸ்ட் 9-ல வந்தது. 3 வருஷம் முழு ஆதரவு, அதுக்கு மேல 2 வருஷம் நீண்டகால ஆதரவு. சர்வருக்கும் மேசைக்கும் ஒரே குடும்பம்னா கத்துக்க வேண்டிய கட்டளையும் ஒண்ணுதான். டைப்பிங்கும் முன்மேசையும் எக்ஸ்எஃப்சிஇ மேசைச்சூழல் (திரையில தெரியுற ஜன்னல், மெனு எல்லாம்). சர்வர்ல மேசைச்சூழலே வேண்டாம், எஸ்எஸ்எச் சர்வர் (வேற மெஷின்ல இருந்து கட்டளை கொடுக்கிற வழி) மட்டும் டிக் பண்ணுங்க.

இ7500-ல 32 பிட் எக்ஸ்பி இருக்கிறதால பிராசஸரும் 32 பிட்னு நினைக்க வேண்டாம், அது 64 பிட். டெபியன் 13-ல 32 பிட் கணினிக்கான நிறுவியே கிடையாது, ஆனா உங்களுக்கு அது தடை இல்லை. 2 ஜிபி ராம்தான் தடை. சிஸ்டம் 2 ஜிபில ஓடிரும், பிரவுசர்ல நாலு டேப் திறந்தா மூச்சு முட்டும். இருக்கிற ராம் வகையிலேயே இன்னொரு 2 ஜிபி போட்டு, டிஸ்க்கை 240 ஜிபி எஸ்எஸ்டியா மாத்துங்க. இன்னொண்ணு: டெபியன் 13-ல டிஎம்பி ஃபோல்டர் (தற்காலிகக் கோப்பு வைக்கிற இடம்) ராம்லயே உக்காரும், பாதி ராம் வரைக்கும் எடுத்துக்கும். பெரிய பிடிஎஃப் கையாளும்போது இடம் இல்லைன்னு வந்தா, சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையில டிஎம்பி.மவுண்ட்டை முடக்கிட்டு ரீபூட் பண்ணுங்க.

பேட்டை

சென்ட்ஓஎஸ் பழகின கைக்கு அதே மாதிரி லினக்ஸான ராக்கியோ ஆல்மாவோதான் சுளுவு, டெபியனுக்கு ஏன் தாவணும்? ஆனா அதுல 10-ம் பதிப்புக்குப் போயிராதிய அண்ணாச்சி, இங்கதான் பல பேரு மாட்டுதாங்க. ராக்கி 10-க்கு பிராசஸர்ல ஏவிஎக்ஸ்2-ங்கிற கட்டளைத் தொகுப்பு வேணும். இ3-1220 வி2 ஐவி பிரிட்ஜ் காலத்துது, அதுல ஏவிஎக்ஸ் மட்டும்தான் உண்டு. பூட் கூட ஆகாது. எல்எஸ்சிபியு கட்டளை அடிச்சு ஃபிளாக்ஸ் வரியில ஏவிஎக்ஸ்2 இருக்கான்னு பாத்துக்கிடுங்க. 9 போட்டா 2032 மே 31 வரைக்கும் கவலை இல்லை. ஆல்மா 10-ல பழைய பிராசஸருக்குன்னு தனிப் பதிப்பும் இருக்கு.

குறுக்குத்துறை

சர்வருக்கு ராக்கி 9 சரிதான். ஆனா முன்மேசை இ7500-ல அந்த 9-ம் ஏறாது; அதுக்கு எஸ்எஸ்இ 4.2-ங்கிற கட்டளைத் தொகுப்பு வேணும், இ7500-ல 4.1 வரைதான். அப்போ ரெண்டு குடும்பம் ஆகிடும். ராக்கியில எஸ்இலினக்ஸ்ங்கிற கூடுதல் பாதுகாப்பும் சேர்ந்து வரும்: புது ஃபோல்டரைச் சாம்பால பகிரும்போது அதுக்குச் சாம்பா-ஷேர்-டி லேபிள் போடலைன்னா, அனுமதி எல்லாம் சரியா இருந்தும் திறக்காது. தெரிஞ்சவங்களுக்கு 2 நிமிஷ வேலை. தெரியாதவங்க அதை அணைச்சிட்டுப் போயிருவாங்க.

மேலப்பாளையம்

பிரிண்டரை யாரும் தொடலியே, அச்சகத்துல அதுல்லா முக்கியம்!

1020 நல்லாவே ஓடும். ஆனா அந்தப் பிரிண்டர் தன்னோட ஃபர்ம்வேரை (உள் மென்பொருள்) நிரந்தரமா வச்சுக்காது. ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் ஃபர்ம்வேரை ஏத்தி விடணும். எச்பிஎல்ஐபி (எச்பியோட லினக்ஸ் பிரிண்டர் மென்பொருள்) போட்டு, அதுக்கப்புறம் எச்பி-பிளகின் கட்டளை கொடுத்து எச்பியோட பிளகினை இறக்குங்க. எச்பிஎல்ஐபி என்ன பதிப்போ பிளகினும் அதே பதிப்பா இருக்கணும். நாளைக்கு அப்டேட்ல எச்பிஎல்ஐபி மாறி அடிக்காமப் போனா, பிரிண்டரைத் தட்டாதிய. பிளகினைத் திரும்ப இறக்குங்க.

2900-ஐ லினக்ஸ்ல கட்டிப் போராட வேண்டாம். அது கேப்ட்னு தனி மொழி பேசும். கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் பழசு, 64 பிட் சிஸ்டத்துலயும் 32 பிட் நூலகம் கேக்கும். விண்டோஸ் மெஷின்ல மாட்டி ஷேர் பண்ணினா லினக்ஸ்ல இருந்து அடிக்கும்னும் நினைக்காதிய. அப்பவும் லினக்ஸ் பக்கம் டிரைவர் வேணும்லா. டிசைன் மெஷின்லயே இருக்கட்டும். டைப்பிங்ல பிடிஎஃப் ஆக்கி சர்வர்ல போட்டா அங்கேருந்து அடிச்சுக்கிடலாம்.

பாமினிக்கு எந்த உள்ளீட்டு முறையும் வேண்டாம், ஆங்கில எழுத்து இடத்துல தமிழ் வடிவம் வச்ச எழுத்துரு அது. எழுத்துருக் கோப்பை எழுத்துருக்கள் ஃபோல்டர்ல போட்டு எஃப்சி-கேச் கட்டளை கொடுங்க, சாதாரண ஆங்கில விசைப்பலகையில அடிங்க. யூனிகோடுல அடிக்கணும்னா ஐபஸ்-எம்17என் போடுங்க. தமிழ்99-ம் பழைய தட்டச்சு முறையும் ரெண்டும் அதுல உண்டு.

சிந்துபூந்துறை

எல்லாருக்கும் நன்றி. நாலுலயும் டெபியன் 13 போட்டாச்சு. பிரிண்டர் சரி. இப்போ மூணு சிக்கல்.
1. சர்வர்ல சூடோ (நிர்வாகி உரிமையோட கட்டளை ஓட்டுறது) அடிச்சா அப்படி ஒரு கட்டளையே இல்லைங்குது.
2. லிப்ரே ஆபீஸ்ல பாமினியில "அன்புடையீர்"னு அடிச்சா "ஆன்புடையீர்"னு மாறுது. எழுத்துரு கெட்டுப்போச்சா?
3. கட்டர் எக்ஸ்பிக்கு சர்வர் தெரியலை. பழைய சென்ட்ஓஎஸ்ல தெரிஞ்சது.

மேலப்பாளையம்

ரெண்டாவது எழுத்துருக் கோளாறே இல்லை அண்ணாச்சி. பாமினியில சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. லிப்ரே ஆபீஸ் இதை ஆங்கிலம்னு நினைச்சு வரியோட முதல் எழுத்தைப் பெருசாக்குது. டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குறதையும், ரெண்டு பெரிய எழுத்தைத் திருத்துறதையும் எடுத்து விடுங்க. மேற்கோள் குறியைச் சுருட்டுறதையும் நிறுத்துங்க, பாமினியில நிறுத்தக்குறி விசைகளும் எழுத்துதான்: கமா அடிச்சா 'இ' வரும்லா. சிவப்புக் கோடு போகணும்னா அந்தப் பத்திக்கு மொழி 'இல்லை'ன்னு வைங்க. பேஜ்மேக்கர் பழைய கோப்பு டைப்பிங்ல பார்க்கணும்னா லிப்ரே ஆபீஸ் டிரா திறக்கும். வாசகத்தை எடுக்க உதவும், வடிவமைப்பை நம்பாதிய.

குறுக்குத்துறை

முதலாவது: நிறுவும்போது ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்ட இடத்துல ஒண்ணு கொடுத்திருப்பீங்க. கொடுத்தா டெபியன் சூடோவை நிறுவி உங்களை அந்தக் குழுவுல சேர்க்காது. காலியா விட்டிருந்தா ரெண்டும் செஞ்சிருக்கும். திரும்ப நிறுவ வேண்டியதில்லை. எஸ்யு, ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு (ஹைஃபன்). இப்படி ரூட்டா உள்ளே போங்க. அந்தக் கோடு இல்லாம விட்டா ஆட்யூசர் கட்டளையும் கிடைக்காது. ஆப்ட்ல சூடோ நிறுவி, ஆட்யூசர் கட்டளையில உங்க பெயரையும் சூடோங்கிற குழுவையும் கொடுங்க. வெளியே போய்த் திரும்ப லாகின் பண்ணினாத்தான் பலிக்கும்.

மூணாவது: எக்ஸ்பி பேசுறது எஸ்எம்பி1-ங்கிற பழைய கோப்புப் பகிர்வு மொழி மட்டும். சாம்பா 4.11-லிருந்து அது தானா மூடியிருக்கும். சென்ட்ஓஎஸ் 7-ல இருந்தது 4.10. சர்வர் மின் புரோட்டோகால்ங்கிற அமைப்பை என்டி1-ஆக இறக்கினா திறக்கும். ஆனா அது ஒரு மெஷினுக்கு மட்டும்னு வைக்க முடியாது, சர்வர் முழுசுக்கும் கதவைத் தளர்த்துறது. அது போதாம எக்ஸ்பியோட பழைய கடவுச்சொல் முறைக்கு என்டிஎல்எம் ஆத்-தையும் தளர்த்தணும். ஒரு கட்டர் கோப்புக்காக அத்தனை பத்திரிகைக் கோப்பையும் திறந்து வைக்காதீங்க. பென் டிரைவ்ல கொண்டு போங்க. மத்த மெஷின்களுக்கு எஸ்எம்பிபாஸ்டபிள்யுடி கட்டளையில ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் போடுங்க.

டிஸ்க்கை எப்படிப் போட்டீங்க?

சிந்துபூந்துறை

புது 1 டிபி ரெண்டு, நிறுவும்போதே ரெய்டு 1 (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே தகவல்). சர்வர் பழைய பயாஸ் முறையில பூட் ஆகுது. சென்ட்ஓஎஸ் டிஸ்க் ரெண்டையும் கழட்டி வச்சிருக்கேன்.

பேட்டை

பழைய டிஸ்க்கை ஆவணி முடியுற வரைக்கும் அழிக்காதிய. சர்வரைத் தரையிலயும் வைக்காதிய. 2023 டிசம்பர் வெள்ளம் ஜங்ஷன்லயும் சிந்துபூந்துறையிலயும் எவ்வளவு ஏறிச்சுன்னு சுவரே சொல்லும். காப்புப் பிரதி ஒண்ணு வேற வீட்டுல இருக்கணும், ரெய்டு காப்புப் பிரதி ஆகாது. யுபிஎஸ் வாங்குனா பின்னாடி யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா வாங்குங்க. மாதாந்திரப் பராமரிப்புன்னு காலையில கரண்டு போனா சாயங்காலம்தான வருது. யுஎஸ்பி இருந்தா நட்ங்கிற யுபிஎஸ் கண்காணிப்பு மென்பொருள் பேட்டரி இறங்குறதைப் பாத்துத் தானே ஷட்டவுன் பண்ணிரும்.

குறுக்குத்துறை

பயாஸ் முறைன்னா ஒரு வேலை பாக்கி. நிறுவி பெரும்பாலும் கிரப்பை (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கிற நிரல்) முதல் டிஸ்க்ல மட்டும்தான் எழுதும். தகவல் ரெண்டுலயும் இருக்கும், ஆனா முதல் டிஸ்க் போச்சுன்னா பூட் ஆகாது. டிபிகேஜி-ரீகான்ஃபிகர், கிரப்-பிசி கொடுத்து, கடைசியில வர்ற பட்டியல்ல ரெண்டு டிஸ்க்கையும் டிக் பண்ணுங்க, பார்ட்டிஷனை இல்லை.

அப்புறம் பிராக் ஃபோல்டர்ல இருக்கிற எம்டிஸ்டாட் கோப்பைப் பாருங்க. ரெண்டு டிஸ்க்கும் சரின்னு காட்ட ரெண்டு யு நிக்கணும். ரீசிங்க் (ரெண்டையும் ஒண்ணா ஆக்குறது) ஓடிட்டிருந்தா முடியட்டும். 1 டிபிக்கு ரெண்டு, மூணு மணி நேரம் ஆகும். முடிஞ்சதும் ஷட்டவுன் பண்ணி முதல் டிஸ்க்கோட கேபிளைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. லாகின் வரை வந்தா சரி. திரும்ப ஷட்டவுன் பண்ணி, கேபிளை மாட்டி, எம்டிஏடிஎம் ஆட் கட்டளையில அந்த டிஸ்க்கோட பார்ட்டிஷனைச் சேர்த்து விடுங்க, தானா ஒட்டாது. ஸ்வாப்பும் (ராம் பத்தாதப்போ டிஸ்க்ல எடுக்கிற இடம்) ரெய்டுல இருந்தா அதுக்கும் தனியா ஒரு ஆட்.

சிந்துபூந்துறை

கேபிளைக் கழட்டிப் பார்த்தேன், லாகின் வந்துட்டு. திரும்பச் சேர்த்தாச்சு, ரீசிங்க் 38 சதவீதத்துல ஓடுது. சூடோவும் "அன்புடையீர்"ரும் சரி. கட்டருக்குப் பென் டிரைவ்.