எரர் கோட் வந்தா சென்சரை மாத்தாதீங்க, முதல்ல ஒயரைப் பாருங்க: பழைய பொக்லைன் அனுபவங்கள்

திருமங்கலம் எலக்ட்ரீசியன்:

திருமங்கலம், செக்கானூரணி, உசிலம்பட்டி சுத்துவட்டாரத்துல மண்ணு வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பாக்குறேன். செகண்ட்ஸ்ல பொக்லைன் வாங்குறவங்க இப்ப நம்ம பக்கம் நிறைய. வாங்கின கொஞ்ச நாள்ல போன் வந்துரும்: "டிஸ்பிளேல எரர் வருதுண்ணே, எந்த சென்சர் போயிருக்கு?" அந்தக் கேள்வியிலயே பணம் கரைய ஆரம்பிச்சுருது. கோட் சொல்றது சென்சரை இல்ல, அந்த சென்சரோட முழு லைனை. சென்சர், கப்ளர் (ஒயரைச் சென்சர்ல மாட்டுற சாக்கெட்), ஒயர், எர்த், ஈசிஎம் (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி) எல்லாம் அதுல அடக்கம். அதனாலதான் விலாவாரியா எழுதுறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்ல கரம்பை அள்ளிக்கிட்டு இருந்த 20 டன் வண்டி. வெள்ளன எடுத்தா நல்லா ஓடும். வெயில் ஏறினதும் இழுவை செத்துரும், பக்கெட்டை மண்ணுக்குள்ள விட்டா இன்ஜின் திணறும். டிஸ்பிளேல மூணு கோட் ஒண்ணா வரும்: எஸ்பிஎன் (எந்த லைன்னு சொல்ற நம்பர்) 100, 102, 157. அதாவது ஆயில் பிரஷர், டர்போ பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட பிரஷர்), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு டீசல் குடுக்குற குழாயோட பிரஷர்). மூணுக்கும் எஃப்எம்ஐ (கோளாறு எந்த வகைன்னு சொல்ற நம்பர்) 4, சிக்னல் வோல்ட் ரொம்பக் கீழ இறங்கிருச்சுன்னு அர்த்தம். ஓனர் அதுக்குள்ள ரெயில் சென்சரும் பூஸ்ட் சென்சரும் புதுசு வாங்கி மாட்டிட்டார். கோட் அப்படியே நின்னுச்சு.

மூணு சென்சர் ஒரே மதியத்துல எப்படிச் சாகும்? மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாக்கணும். இந்த மாதிரி மூணு ஒயர் பிரஷர் சென்சருக்கு ஈசிஎம்தான் 5 வோல்ட் குடுக்குது. ஒரே 5 வோல்ட் லைனைப் பல சென்சர் பங்கு போட்டுக்கும். அதுல ஒரு இடத்துல எர்த் அடிச்சா, அதாவது ஒயர் வண்டி இரும்புல பட்டா, அம்புட்டும் படுத்துரும்.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். பூஸ்ட் சென்சர் கப்ளரைக் கழட்டி சப்ளை பின்னுல மீட்டரை வச்சா காலையில 5 வோல்ட் சுத்தமா இருந்துச்சு. மதியம் கோட் வந்த கையோட அதே பின்னுல பாத்தேன், 1 வோல்ட் கூட இல்ல. அப்புறம் அந்த லைன்ல இருக்குற சென்சரை ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே போகணும். எதைக் கழட்டுறப்ப 5 வோல்ட் திரும்ப வருதோ அது உள்ளுக்குள்ள ஷார்ட். இந்த வண்டியில எல்லாத்தையும் கழட்டியும் வோல்ட் வரலை. அப்ப ஒயர்தான்.

டர்போ இருக்குற பக்கம் பிளாக்குக்குப் பின்னால கையை விட்டுத் தடவிப் பாத்தேன். கம்பெனி போட்ட ரப்பர் கிளாம்ப் காணோம். யாரோ பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருக்காங்க, அது சூட்டுல உருகி விட்டுருச்சு. ஒயர் கட்டு இறங்கி பிராக்கெட் விளிம்புல உக்காந்துருக்கு. அந்த விளிம்புல ஒரு அரிசி அகலத்துக்கு பெயின்ட் தேஞ்சு இரும்பு பளபளன்னு இருக்கு. அதுக்கு நேரா ஸ்லீவ் கிழிஞ்சு, உள்ள ஒரு ஒயரோட தோலு வெட்டுப்பட்டு, செம்பு கறுத்துக் கெடக்கு. குளிர்ல தொடாம இருக்கும். சூடேறி தோலு இளகி, இன்ஜின் ஆட்டத்துல இரும்புல பட்டுரும். வெட்டி ஈயம் வச்சு, ஹீட் ஸ்லீவ் ஏத்தி, ரப்பர் கிளாம்ப் போட்டு முடிச்சேன். கழட்டின பழைய சென்சர் ரெண்டையும் திரும்ப மாட்டிப் பாத்தோம், ரெண்டும் நல்லா இருக்கு.

ரெண்டு ஒயர் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சருக்கு, அதாவது எஸ்பிஎன் 110க்கு, சோதனை இன்னும் லேசு. எஃப்எம்ஐ 4 வந்தா கப்ளரைக் கழட்டுங்க. எஃப்எம்ஐ 3க்கு, அதாவது வோல்ட் ரொம்ப மேலங்கிறதுக்கு, மாறினா ஒயர் நல்லா இருக்கு, சென்சர்தான் ஷார்ட். கழட்டியும் 4லயே நின்னா ஒயர் எங்கயோ எர்த். முதல்லயே 3 இருந்தா, கப்ளர் பக்கம் ரெண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால சேருங்க. 4க்கு மாறினா லைன் நல்லா இருக்கு, சென்சர் ஓபன், அதாவது உள்ளுக்குள்ள அறுந்துருச்சு. இதை ரெண்டு ஒயர் டெம்பரேச்சர் சென்சர்ல மட்டும் செய்யணும். மூணு ஒயர் சென்சர்ல பின்னைச் சேக்காதீங்க.

மேலூர் குவாரி ஆபரேட்டர்:

அண்ணே சொன்னது சத்தியம். எங்க கதை வேற. கிரானைட் குவாரியில பிரேக்கர் மாட்டின வண்டி. சூடானதும் பொசுக்குன்னு ஆஃப் ஆயிரும். செல்ஃப் நல்லா சுத்தும், ஸ்டார்ட் ஆகாது. ஆறவிட்டு அடிச்சா உடனே எடுத்துரும். டீசல்ல காத்து பிடிக்குதுன்னு சொல்லி ஃபில்டர், பம்ப்னு எல்லாத்தையும் கழட்டிப் போட்டாங்க.

கடைசியா வந்த மெக்கானிக் அண்ணே ஒண்ணும் கழட்டலை. "செல்ஃப் அடி, ஆர்பிஎம்மைப் பாரு"ன்னார். செல்ஃப் சுத்துறப்ப டிஸ்பிளேல ஆர்பிஎம் 0லயே நின்னுச்சு. இன்ஜின் சுத்துறது ஈசிஎம்முக்குத் தெரியலை, அதான் டீசல் அடிக்கலைன்னு சொல்லி நேரா கிராங்க் சென்சருக்குப் போனார். ரெண்டு ஒயர் காயில் சென்சர் அது. சூட்டோட கழட்டி ஓம்ஸ் பாத்தா ஓபன். ஆறினப்புறம் பாத்தா ரீடிங் வந்துருச்சு. மூக்குல இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்துச்சு. புதுசு போட்டோம், அதோட சரி.

ஒயரை முதல்ல பாக்கணுங்கிறது சரிதான், ஆனா சில நேரம் சென்சர்தான் போயிருக்கும். அதை மீட்டர் சொல்லணும், வாய் சொல்லக்கூடாது.

திருமங்கலம் எலக்ட்ரீசியன்:

நல்ல மெக்கானிக் தம்பி அவர். ஒண்ணு சேத்துக்கங்க: கிராங்க் சென்சர் மூணு ஒயர் ஹால் வகையா (உள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்குற வகை) இருந்தா ஓம்ஸ் பாத்துப் பிரயோஜனம் இல்ல. சப்ளை, எர்த் ரெண்டும் இருக்கான்னு பாத்துட்டு, இன்ஜினைச் சுத்தவிட்டு சிக்னல் பாக்கணும். குவாரியில பக்கெட் பல்லு வெல்டிங் அடிக்கடி நடக்கும். பேட்டரி ஒயரையும் ஈசிஎம் கப்ளரையும் கழட்டாம ராடை வைக்க விடாதீங்க. எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க.

சோழவந்தான் வண்டி ஓனர்:

ஆயில் பிரஷர் வார்னிங் பத்தி ஒரு விசயம் சொல்லியே ஆகணும். என் வண்டியில சூடான ஐடில்ல பஸ்ஸர் கத்துச்சு. "சென்சர் கோளாறுதான், ஒயரை வெட்டிவிட்டு ஓட்டுங்க"ன்னு ஒருத்தர் சொன்னார். நான் சம்மதிக்கலை. சென்சரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில முள்ளு கேஜ் மாட்டிப் பாத்தோம். பிரஷர் நிஜமாவே இல்ல. ஆயிலை மோந்தா டீசல் வாடை, லெவலும் ஏறியிருந்துச்சு. இன்ஜெக்டர் பக்கம் டீசல் கசிஞ்சு ஆயில்ல கலந்துருக்கு. அன்னைக்கு ஒயரை வெட்டியிருந்தா கிராங்கே போயிருக்கும். ஆயில் பிரஷருக்கு மட்டும் கேஜ் வைக்காம சென்சரைக் குத்தம் சொல்லாதீங்க.

வாடிப்பட்டி தம்பி:

அண்ணே, நான் அடுத்த வாரம் ஒரு வண்டி பாக்கப் போறேன். மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி நானா என்ன பாக்கலாம்?

திருமங்கலம் எலக்ட்ரீசியன்:

விடியக்காலையில போங்க தம்பி. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சொல்லிருங்க. சாவியை ஆன்ல மட்டும் வச்சு டிஸ்பிளே மெனுவுல, இல்ல ஸ்கேனர் மாட்டி, ரீடிங்கைப் பாருங்க. ராத்திரி பூரா ஆறின வண்டியில கூலண்ட் டெம்பரேச்சரும் உள்ள போற காத்தோட டெம்பரேச்சரும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கணும். ஆயில் பிரஷர் 0. பூஸ்ட் சென்சர் முழுப் பிரஷர் காட்டுற வகையா இருந்தா நம்ம ஊர்ல 100 கிலோபாஸ்கல் பக்கம் நிக்கும். இதுல எது தள்ளி நின்னாலும் அந்த லைனைக் குறிச்சுக்கங்க. பழைய எரர் லிஸ்ட்டையும் பாருங்க. ஒண்ணுமே இல்லாம துடைச்சு வச்சிருந்தா, சூடேற விட்டு ஒரு மணி நேரம் மண்ணுல வேலை வாங்கிட்டுத் திரும்பப் பாருங்க. பானட்டைத் தூக்கி எங்கெங்க புது டேப் சுத்தியிருக்குன்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, விலை பேசுறதுக்கு முன்னாடி பாத்துச் சொல்றேன்.