ஊட்டி ரிசார்ட் பஃபே ஆறிப்போவது குளிராலா, கிச்சனாலா?

லவ்டேல்வாசி:
சீசன் வந்துவிட்டால் ஊட்டி, குன்னூர் ரிசார்ட்கள் பலவற்றில் எம்ஏபி பிளான் இல்லாமல் அறையே கிடைப்பதில்லை. அதாவது, காலை டிபனும் ராச் சாப்பாடும் வாடகையோடு சேர்த்துக் கட்டியாக வேண்டும். அதற்குக் கிடைப்பது ஆறின சாம்பார், இறுகின இட்லி, நெய் உறைந்த பொங்கல். கேட்டால், "மலைல குளிர் சார், ஆறத்தான் செய்யும்" என்று ஒரே பதில். இது குளிரின் குற்றமில்லை, சுத்தமான மெத்தனம். காசை முன்னாடியே வாங்கிவிட்டவன் எதற்குத் திருந்தப் போகிறான்? எம்ஏபி கட்டாயத்தை எடுக்கட்டும், சாம்பார் தானாகச் சூடாகும்.

கிச்சன்கணக்கு:
குளிரை இவ்வளவு லேசாத் தள்ளிவிட முடியாதுங்க சார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணி இங்கே 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும். எவ்வளவு தீ வச்சாலும் திறந்த பாத்திரத்துல அதுக்கு மேல சூடு ஏறாது. குக்கர்லயும் கீழே 120 டிகிரியை ஒட்டி வேகுறது இங்கே 116 தான். சமவெளியில இருந்து சீசனுக்கு வர்ற மாஸ்டர் அங்கே எண்ணின அதே விசிலை இங்கேயும் எண்ணி இறக்குவார், துவரம்பருப்பு திப்பிதிப்பியா நிக்கும். சாம்பார் தண்ணியா இருக்குன்னு விருந்தாளிங்க சொல்றதுல பாதி இந்த மசியாத பருப்புதான்.

அடுத்தது கேஸ். சிலிண்டர்ல இருக்கிற பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்துல சரியா ஆவியாகாது. ஜனவரி விடியற்காலையில ஒரே 19 கிலோ சிலிண்டர்ல இருந்து மூணு பெரிய அடுப்பு இழுத்தா, சிலிண்டர் அடியில வெண்பனி படிஞ்சு தீ சுருங்கிரும். நாலு சிலிண்டரை ஒரே லைன்ல கோத்து ஒண்ணா இழுத்தா ஒவ்வொண்ணு மேலயும் பாரம் குறையும். செலவைப் பார்த்து இதைச் செய்யாத இடம் நிறைய.

மாவு வேற. ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போற ஊர்ல வெளியில வச்ச மாவு காலையில அப்படியே கிடக்கும். 28–30 டிகிரியில சுமார் பத்து மணி நேரம் வைக்க ஒரு சூட்டு அலமாரி வேணும். இல்லாதவங்க சோடா உப்பை அள்ளிப் போடுவாங்க. இட்லி லேசா மஞ்சளடிச்சு சோப்பு வாடை வந்தா அதுதான் காரணம்.

எம்ஏபியை எடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஊருக்கு வெளியில இருக்கிற 60 ரூம் ரிசார்ட், யார் எதைக் கேப்பாங்கன்னு தெரியாம எல்லாத்தையும் கார்டுல போடும். மெனு கார்டு பெருசாச்சுன்னா ஃப்ரீசரும் பெருசாகும். அப்புறம் போன வாரத்து கிரேவிதான் தட்டுல வரும்.

கோத்தகிரிக்குரல்:
கிச்சன்கணக்கு அண்ணே, நீங்க சொன்னது முழுக்கச் சமைக்கிற கஷ்டம். லவ்டேல்வாசி கேட்டது சமைச்சதை எப்படி வச்சிருக்காங்கன்னு. கீழே 100 டிகிரியில கொதிச்சாலும் இங்கே 92ல கொதிச்சாலும் கிச்சன் வாசலைத் தாண்டும்போது சாம்பார் 80க்கு மேலதான் இருக்கும். சூடான சாப்பாட்டை 60 டிகிரிக்குக் கீழ விடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட அட்டவணை 4 சொல்லுது. 80க்கும் 60க்கும் நடுவுல நடக்கிற கூத்துதான் விஷயமே.

காலை ஏழு மணிக்கு எந்த பஃபேயிலயும் சேஃபிங் டிஷ், அதாவது அடியில சுடுதண்ணி வச்சுப் பதார்த்தத்தைச் சூடா வச்சிருக்கிற பாத்திரம், எப்படி வைக்கிறாங்கன்னு பாருங்க. அடித்தட்டுல குழாய்த் தண்ணி 4 லிட்டர், இங்கே அது 15 டிகிரி. கீழே எரியுற ஜெல் இருக்கிற ரெண்டு டப்பாவைப் பத்த வச்சுட்டுப் போயிடுவாங்க. அந்தத் தண்ணி 80 டிகிரியைத் தொடவே முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் மேல இருக்கிற பொங்கலோட சூட்டை இந்தத் தண்ணிதான் உறிஞ்சும். ஜெல் டப்பா இருக்கிற சூட்டைக் காப்பாத்தத்தான், தண்ணியைக் கொதிக்க வைக்க இல்ல. கொதிக்கிற தண்ணியை ஊத்தி, மூடி போட்டு, 20 நிமிஷம் கழிச்சுப் பதார்த்தத்தை இறக்கணும். இதுக்கு என்ன காசு செலவு?

டிஷ்ல பதார்த்தம் வைக்கிற தட்டு, அதாவது பான், அதோட ஆழமும் அப்படித்தான். 100 மில்லிமீட்டர் பான்ல ஒரேயடியா 10 கிலோ பொங்கலைக் கொட்டி ரெண்டு மணி நேரம் ஓட்டுறதை விட, 65 மில்லிமீட்டர் பான்ல பாதி பாதியா மூணு நாலு தடவை மாத்தறது நல்லது. வடையை மட்டும் மூடி போட்ட டிஷ்ல வைக்கவே கூடாது, ஆவியில ஊறிச் சவசவன்னு ஆயிடும். அதுக்கு விளக்குச் சூடு போதும்.

இன்னொண்ணு, இதுதான் ஆபத்து. "ஊரே ஃப்ரிட்ஜ், எதுக்குத் தனியா"ன்னு ராத்திரி மிஞ்சின சோத்தை அண்டாவோட மூடி ஸ்டோர் ரூம்ல விட்டுருவாங்க. வெளியில 12 டிகிரி இருந்தாலும், 40 லிட்டர் அண்டா நடுவுல கைவச்சா விடியற்காலையிலயும் வெதுவெதுன்னு இருக்கும். பேசில்லஸ் செரியஸ் கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. அது உண்டாக்குற வாந்தி நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. காலையில எலுமிச்சை சாதமா டேபிளுக்கு வந்துரும். சோறு மிஞ்சினா ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு மேல போகாம தட்டுல பரப்பி, ரெண்டு மணி நேரத்துல 21 டிகிரிக்கும் அடுத்த நாலு மணி நேரத்துல 5 டிகிரிக்கும் இறக்கணும். 12 டிகிரி ஸ்டோர் ரூம் எந்தக் கணக்குலயும் ஃப்ரிட்ஜ் ஆகாது.

கிச்சன்கணக்கு:
அண்டா விஷயத்துல மறுபேச்சு இல்ல. சேஃபிங் டிஷ் தண்ணியும் சரி. ஆனா பஃபே ஆறுறதுக்கு ஆளுங்க வர்ற நேரமும் காரணம். 7:30க்குத் திறந்தா எட்டு மணிக்கு இருபது பேர் இருப்பாங்க. குளிர்ல யார் சீக்கிரம் எந்திரிக்கிறா? 9 மணிக்கு 150 பேர் ஒண்ணா இறங்குவாங்க. தோசைக் கல்லுல ஒரு தடவைக்கு நாலு தோசை, தண்ணி தெளிச்சுத் துடைச்சு அடுத்தது ஊத்த மூணு நிமிஷம். மணிக்கு 80 தோசை, அவ்வளவுதான். ஆளுக்கு ஒண்ணுன்னாலே வரிசை முட்டும். அப்போ மாஸ்டர் வேகத்துக்குச் சூட்டைக் கூட்டுவார், தோசை மேல கருகி உள்ளே மாவா இருக்கும். பஃபேயைப் பார்த்துக்கிற ஸ்டூவர்டு சீசன் பையனா இருந்தா, காலியான பான்களை மாத்தணும்னே தெரியாம சுவத்தோரம் நிப்பான்.

லவ்டேல்வாசி:
அந்த 150 பேர் வானத்திலிருந்தா குதித்தார்கள்? எல்லாரும் முந்தின நாளே செக்கின் செய்தவர்கள். எத்தனை பெரியவர், எத்தனை குழந்தை என்று ரிசப்ஷனில் எழுதியே இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த எண்ணிக்கை கிச்சனுக்குப் போனால் இரண்டாவது கல்லைப் பற்ற வைக்கலாமா வேண்டாமா என்று அப்போதே தெரியும். அறை எண்ணைப் பிரித்து 7:45, 8:30, 9:15 என்று மூன்று நேரம் கொடுக்கலாம். மலைக்கு வரும் வண்டிகளுக்கே 2024 மே 7 முதல் இ-பாஸ் இருக்கிறது. 2025 ஏப்ரல்–ஜூனில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வண்டி என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. நீதிமன்றத்துக்கு வண்டிக் கணக்கு தெரிகிறது, ரிசார்ட்டுக்குத் தன் விருந்தாளிக் கணக்கு தெரியாதா?

மலைரயில்:
இடையில் ஒரு பில் விவகாரம். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் போட்டிருந்தால் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாடகை வாங்கும் ஹோட்டல்களின் உணவகத்தில் அது சட்டப்படி சரிதான்.

கிச்சன்கணக்கு:
மூணு நேரம் பிரிக்கிறது காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. 7:45 கிடைச்ச குடும்பம் 9:15க்குத்தான் வரும், வேண்டாம்னு சொல்ல எந்த மேனேஜருக்கும் தைரியம் வராது. எண்ணிக்கையை ராத்திரியே கிச்சனுக்குக் கொடுக்கிறது மட்டும் நடக்கிற காரியம்.

கோத்தகிரிக்குரல்:
இன்னொரு வயித்தெரிச்சல். கேத்தி பள்ளத்தாக்குல கேரட்டும் பீன்ஸும் விளையுது. அது மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குது. இங்கே ரிசார்ட் பொரியல்ல ஃப்ரோசன் பட்டாணியும் பேபி கார்னும்! குளிர் மேல பழியைப் போடுறவங்க இதுக்கு யார் மேல போடுவாங்க?

கிச்சன்கணக்கு:
தினம் ஒரே அளவு, ஒரே வெட்டு, உரிச்சுக் கொடுக்க ஆள்னு மூணும் வேணும். சீசன்ல கேரட் சீவ ஆள் கிடைக்கல, அதனால பாக்கெட். நியாயம்னு சொல்லல, காரணம் அதுதான்.

லவ்டேல்வாசி:
சரி, கொதிக்கிற தண்ணி ஊத்தி, சின்ன பான் வைத்தாலும் என் தட்டில் விழுந்த இரண்டாவது நிமிடம் பொங்கல் ஆறிவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

கிச்சன்கணக்கு:
அது தட்டு சார். ராத்திரி பூரா ஜன்னலோரம் அடுக்கின பீங்கான் தட்டு 12 டிகிரியில இருக்கும், ஒரு கரண்டி பொங்கலோட சூட்டை உடனே குடிச்சிரும். தட்டு சூடாக்குற அலமாரி இருந்தா 50–60 டிகிரியில வைக்கலாம். இல்லேன்னாலும் வழி இருக்கு. பாத்திரம் கழுவுற மெஷின்ல கடைசி அலசல் 82 டிகிரி தண்ணி, தட்டு கை சுடச்சுட வெளியில வரும். காலைக்கு வேண்டிய தட்டை ராத்திரியே கழுவி அடுக்காம, திறக்கிறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு தடவை மெஷின்ல ஓட்டி, ரேக்கோட கவுண்டருக்குக் கொண்டுவந்து துணி போட்டு மூடச் சொல்லுங்க. கூட்டம் கூடுற ஒன்பது மணிக்கு ரெண்டாவது ரேக்கை மாத்தணும், அதை மறந்தா மறுபடியும் பழைய கதைதான்.