சாலையோரச் சத்திரத்துக்கு யார் வந்தார்கள்? ஊர் வரலாறு எழுத உதவி தேவை

கேள்வி: தென்னங்கீற்று

அன்பர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியில், பெரிய சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கிய சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். எங்கள் ஊரின் கீழ்க்கோடியில், குளத்துக்கும் பழைய வண்டிப்பாதைக்கும் நடுவே, எல்லாரும் "சத்திரம்" என்று மட்டுமே சொல்லும் கட்டடம் ஒன்று இருக்கிறது. என் தாத்தா காலத்தில் அதில் திண்ணைப் பள்ளி நடந்தது. நான் சிறுவனாக இருந்தபோது நெல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஊர் வரலாற்றைச் சிறு நூலாக எழுதத் தொடங்கிய பிறகுதான், பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது உறைத்தது.

சாவி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். வாசலின் இருபுறமும் உயரமான திண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் ஆழமாகக் கீறப்பட்டு, பலர் கை பட்டு வழவழப்பாகியிருக்கின்றன. உள்ளே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் உக்கிராண அறை. எனக்குப் புரியாதவை இரண்டு. ஒன்று, ஒரே கட்டடத்தில், தனித்தனி வாசல்களுடன் இரண்டு சமையற்கட்டுகள் இருக்கின்றன. மற்றொன்று, கொல்லைப்புறச் சுவரை ஒட்டி, ஓர் ஆள் படுக்கும் நீளத்தில் கல்தொட்டி ஒன்று கிடக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி என்றால் வண்டிகள் நிற்கும் முன்புறத்தில் அல்லவா அது இருந்திருக்க வேண்டும்?

நிலைப்படிக்கு மேலே எழுத்துப் பொறித்த கல் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஏதோ விழாவுக்காக அதன் மேலும் சேர்த்துச் சாயம் அடித்துவிட்டார்கள். "தர்மம்" என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் படிக்க முடியவில்லை. இத்தகைய சத்திரங்களை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், அங்கே வந்து தங்கியவர்கள் யார் என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: ஏடும் எழுத்தும்

உங்கள் ஊர் அமைந்துள்ள வழியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. வடக்கேயிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக இராமேசுவரம் செல்வோர் கால்நடையாகச் சென்ற பாதைகளில் அதுவும் ஒன்று. தஞ்சை மராட்டிய அரசர்கள் இந்தச் சேது வழிகளில் சத்திரங்களைத் தொடர்ச்சியாக அமைத்தார்கள். நீடாமங்கலத்தில் பிரதாபசிம்மர் காலத்து யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம், ஊரின் பெயராகவே நிலைத்துவிட்ட சேதுபாவாசத்திரம் ஆகியவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

அங்கே வந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு, சரபோஜி 1801இல் தஞ்சையின் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு, அதாவது கம்பெனியின் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. சத்திரங்களுக்குரிய வருவாய் தம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற கவலையில் எழுதப்பட்ட கடிதம் அது. அதனாலேயே, ஒவ்வொரு சத்திரத்திலும் என்னென்ன நடக்கிறது என்பதை அவர் விரிவாகச் சொல்லுகிறார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதியினருக்கும், யோகிகள், ஜங்கமர், பைராகிகள் உள்ளிட்ட யாத்திரிகர் அனைவருக்கும் சோறு வழங்கப்பட்டது. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் பிற பண்டங்களும் தரப்பட்டன. உணவளிப்பது நள்ளிரவு வரை நடந்தது. பிறகு மணியடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் இருந்தால் வரலாம் என்று அழைத்தார்கள்.

அந்தக் கடிதத்தில் என் மனத்தை எப்போதும் நிறுத்துவது சோற்றைப் பற்றிய பகுதி அன்று. வழியில் நோயுற்றவர்களுக்குக் குணமாகும் வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும் உண்டு. விஷக்கடி பார்க்கத் தெரிந்த வைத்தியர்களும் இருந்தார்கள். இறந்தவர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி இறுதிச் சடங்கு செய்யப்பட்டது. கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். சத்திரத்தில் பிள்ளை பெற்ற பெண், செலவு முழுவதையும் சத்திரமே ஏற்க, பேறுகாலத்துக்குப் பின் மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம். வழிப்போக்கர் இறந்து அநாதையாகிவிட்ட பிள்ளைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பில் வளர்ந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி, படிப்பு எல்லாம் கிடைத்தன. படித்து முடித்தபின் திருமணச் செலவும் உண்டு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தம் நாட்டைத் தருமராச்சியம் என்று உலகம் சொல்வதையே தம் பதவிக்குரிய மிக உயர்ந்த பெருமையாகத் தாம் கருதுவதாக எழுதுகிறார். ஆட்சி அதிகாரம் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்த ஓர் அரசர் இதைப் பற்றிக்கொண்டார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால், உங்கள் ஊர்ச் சத்திரம் அரசர் கட்டியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. அரசச் சத்திரங்களுக்கு முழுக் கிராமங்களே மானியமாக இருந்தன. சிறு சத்திரங்களை வணிகர்களும் மிராசுதாரர்களும் பிள்ளையில்லாத கைம்பெண்களும் சில மா நன்செய் எழுதிவைத்து நிறுவினார்கள். ஆகவே கட்டடத்தைவிட நிலத்தைத் தேடுங்கள். 1858இல் தொடங்கிய இனாம் ஆணையம், மானிய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, அதைக் கொடுத்தவர் யார், எந்தத் தருமத்துக்காகக் கொடுத்தார், பரப்பு எவ்வளவு என்று பதிவு செய்தது. அந்தப் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அரச குடும்பத்துத் தொடர்பு இருப்பதாகத் தோன்றினால் மட்டும், தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள, மோடி என்னும் மராட்டிய எழுத்துமுறையில் எழுதப்பட்ட ஆவணங்களின் பக்கம் போகலாம். அவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டுள்ளது.

பதில் 2: வடவாற்றங்கரை

மேலே எழுதியவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்கிறேன். ஆனால் நண்பர் கேட்ட இரண்டு சமையற்கட்டுகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டு ஊர் வரலாறு எழுதுவது நேர்மையாக இராது என்பதால் நான் சொல்லுகிறேன். ஒன்று பிராமணப் பந்திக்கு, மற்றொன்று ஏனையோருக்கு. எல்லாச் சாதியினருக்கும் சோறு கிடைத்தது என்பது உண்மை. எல்லாரும் ஓரிடத்தில் அமர்ந்து உண்டார்கள் என்பது உண்மையன்று. அரிசி ஒரே உக்கிராணத்திலிருந்து வந்தது. உலை வேறு, பந்தி வேறு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அந்த இரண்டு வாசல்களில் எதன் வழியாகவும் உள்ளே வந்திருக்கமாட்டார்கள் என்றே கருதுகிறேன். உங்கள் கல்தொட்டி கொல்லைப்புறத்தில் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். அந்தப் பக்கத்தில் தனி வழி இருந்த அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்றையும் நூலில் சேர்க்க வேண்டுகிறேன். பிற்காலத்தில் இந்தச் சத்திரங்கள் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் நிர்வாகத்துக்கு வந்தன. 1920களில் போர்டின் தலைவராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் ஏ. டி. பன்னீர்செல்வம், சத்திர வருவாயைப் பிராமணரல்லாத மாணவர்களின் கல்விக்கும் திருப்பினார். ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் அவர்களுக்கு விடுதிகள் ஏற்பட்டன. வடமொழி மட்டுமே கற்பிக்கப்பட்டுவந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் இடம்பெற்றது. தருமத்தின் நோக்கத்தையே மாற்றிவிட்டார் என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. சரபோஜியின் கடிதத்தில் அநாதைப் பிள்ளைகளைப் பற்றிய பகுதியைப் படித்தபின், அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை. என் தகப்பனார் அப்படிப்பட்ட ஒரு விடுதியில் தங்கிப் படித்தவர். வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாத நாளில், காலையில் பழையதும் இரவில் சுடுசோறும் உறுதியாகக் கிடைத்தன என்பதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். சத்திரத்துக்கு வந்தவர்களின் பட்டியலில் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதுங்கள்.

பதில் 3: சேதுக்கரை

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் சத்திரத்தில் இரவு தங்கிய யாத்திரிகர்கள் பல நாள் நடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருப்பார்கள். சேதுபதி மன்னர்களும் அந்த வழியில் மடங்களும் சத்திரங்களும் கட்டினார்கள். இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று ஊர்ப் பெயர்களிலேயே அவை இருக்கின்றன. காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்துத் தூக்கிவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வதும், சேதுவில் மணல் எடுத்துக்கொண்டு மீண்டும் காசிக்குத் திரும்புவதும் வழக்கமாக இருந்ததால், ஒரே ஆளைச் சத்திரம் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையுமாகப் பார்த்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. பல மாத நடை சில நாள் பயணமாகச் சுருங்கியபின் இடைவழிச் சத்திரங்களில் இறங்க ஆளில்லை. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரிலுள்ள சத்திரம் மட்டும், ரயில் நிலையம் அதன் எதிரிலேயே அமைந்ததால் ஆள் நடமாட்டத்தை இழக்கவில்லை.

நண்பரிடம் ஒரு கேள்வி. உங்கள் வண்டிப்பாதையில் சுமைதாங்கிக் கல் இருக்கிறதா? நிறுத்திவைத்த இரண்டு கற்களின் மேல் ஒரு கல் படுக்கையாகக் கிடக்கும். பிறர் உதவி இல்லாமல் தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் தோதான உயரத்தில் அது இருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பத்தா சந்தையிலிருந்து திரும்பும் வழியில், சும்மாட்டைக்கூடக் கலைக்காமல், முழங்காலை இலேசாக மடித்துக் கடகப்பெட்டியை அந்தக் கல்லின் மேல் அப்படியே நகர்த்திவிட்டு நிமிர்வார். பிறகு கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கிவைக்க ஓரிடம். சத்திரம், குளம், சுமைதாங்கி மூன்றும் ஒரே வழியில் அமைந்திருந்தால், அவை ஒரே குடும்பத்தாரின் தருமமாகவும் இருக்கக்கூடும். சுமைதாங்கியிலும் சில இடங்களில் பெயர் பொறித்திருப்பார்கள்.

பதில் 4: வடசென்னைவாசி

கல்தொட்டி பற்றி மட்டும் ஒரு குறிப்பு. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை மூத்தவர்கள் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்பார்கள். ஐதர் அலியின் போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தபோது, 1782இல் அங்கே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் தொடங்கப்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்ற அதன் பெயர் ஆங்கிலேயர் வாயில் மோனேகர் சத்திரம் ஆயிற்று. மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது. ஆகவே உங்கள் தொட்டி மாட்டுக்கானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஊரில் வயதானவர்கள் அதை என்ன பெயரால் சொல்லுகிறார்கள் என்று கேளுங்கள்.

கல்லைப் படிக்கவும் ஒரு வழி சொல்லுகிறேன். தயவுசெய்து இரும்புத் தூரிகையோ அமிலமோ வேண்டாம். எழுத்தும் சேர்ந்து போய்விடும். இருட்டியபின் சென்று, டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். சாயத்துக்கு அடியில் உள்ள பள்ளங்களில் நிழல் விழும்.

மீண்டும் தென்னங்கீற்று

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு தம்பியை அழைத்துக்கொண்டு டார்ச் விளக்கோடு போனேன். வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தபோது இரண்டாம் வரி துலங்கியது: "யுவ வருஷம் தை மாதம்". அதற்கு மேலே உள்ள பெயர் உளியால் கொத்தியதுபோல் சிதைந்திருக்கிறது. கொல்லைச் சுவரில், தொட்டிக்கு நேரே, செங்கல் வைத்து அடைத்த வாசல் ஒன்றின் நிலையும் தெரிந்தது. வடவாற்றங்கரை ஐயா சொன்ன மூன்றாவது வழி அதுதான் என்று நினைக்கிறேன். சுமைதாங்கியும் இருக்கிறது, சாலையை மேடுபடுத்தியதில் பாதி புதைந்து, முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது.

அறுபது ஆண்டுச் சுற்றில் யுவ வருடத்துத் தை, 1816 சனவரியாகவும் இருக்கலாம், 1876 சனவரியாகவும் இருக்கலாம். முன்னது என்றால் சரபோஜி காலம். பின்னது என்றால், அடுத்து வந்தது தாது வருடம். பெரும்பஞ்சத்தில் வெளி மாவட்டத்து மக்கள் பிழைப்புத் தேடிக் காவிரிப் பாசனப் பகுதிக்கு நடந்துவந்த காலம் அது. எங்கள் தெருவில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவரிடம் இன்று காலை தொட்டியைப் பற்றிக் கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "அதுவா, கஞ்சித்தொட்டி" என்றார். அதில் கஞ்சி ஊற்றிப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். தாம் பார்த்ததில்லை என்றும், தம் மாமியார் அப்படிச் சொல்லித்தான் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

1860களில் எடுத்த இனாம் பதிவேட்டில் எங்கள் ஊர்ச் சத்திரத்துக்கு மானியம் காணப்பட்டால் கட்டடம் 1816ஐச் சேர்ந்தது. இல்லாவிட்டால் 1876 என்பதற்கு வலுக் கூடும். வரும் வியாழக்கிழமை எழும்பூருக்குப் போகிறேன். பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.