30 மீட்டர் வாட்ச், ஒரு வாளித் தண்ணீர்

என் வாட்ச் கடலில் போகவில்லை, ஆற்றிலும் போகவில்லை. நாயைக் குளிப்பாட்டிய ஒரு வாளி வெந்நீரில் போனது. முழங்கை வரை நுரையோடு அவனைப் பிடித்துத் தேய்த்து முடித்துவிட்டு மணி பார்த்தேன். கண்ணாடியில் 6-க்குச் சற்று மேலே பிறை வடிவில் ஆவி படிந்திருந்தது. சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தேன். போகவில்லை, ஆவி உட்புறம் இருந்தது. மறுநாள் காலை அது கலைந்து, தேதிக் கட்டத்தின் ஓரத்தில் கடுகளவு நீர்த்துளியாகத் திரண்டு நின்றது. நான்காம் நாள் விநாடி முள் ஒரே கோட்டில் நின்றபடி துடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அந்தத் துடிப்பும் இல்லை.

பின்மூடியில் ‘30 மீட்டர்’ என்று பொறித்திருக்கிறார்கள். என் வாளியின் ஆழம் ஒரு முழம்கூடத் தேறாது.

அடுத்து வாங்கப்போவது விலை குறைந்ததாக இருக்க வேண்டும், தினமும் கட்டத் தாங்க வேண்டும், தண்ணீர் பட்டால் நான் பதறக் கூடாது. குளிக்கும்போது கழற்றி வைக்கலாமே என்பார்கள். அப்படிக் கழற்றி வைத்த இரண்டு வாட்ச்களை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் கையில் பிழைத்தவை எவை, செத்தவை எவை என்று எழுதுங்கள். விளம்பர வாசகம் வேண்டாம், கட்டிப் பார்த்ததைச் சொன்னால் போதும்.

*

முதலில் ஒரு கேள்வி. அந்த வாட்சுக்குக் கடைசியாக எப்போது பேட்டரி மாற்றினீர்கள்? நீங்கள் யோசித்துச் சொல்வதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வாட்ச்களைத் திறந்து பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. தண்ணீர் புகுந்துவிட்டது என்று நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவற்றில், ஆழத்தால் கெட்டது ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் திறந்து மூடியதால் கெட்டவை. பின்மூடிக்கும் உடலுக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். அதுவும், நேரம் திருத்தும் திருகிலும் கண்ணாடி விளிம்பிலும் இருக்கும் அதன் தம்பிகளும்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. இரும்புக்கு அதில் பங்கு குறைவு. ஒருமுறை ஒரு வாட்சைத் திறந்தபோது அந்த வளையத்தின் குறுக்கே ஒரு பூனை முடி கிடந்தது. பேட்டரி மாற்றியவர் கவனிக்காமல் மூடியிருக்கிறார். முடியின் இருபுறமும் இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து, அதே நேர்க்கோட்டில் உள்ளே துரு பிடித்திருந்தது. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரங்களில் காய்ந்து வெடித்த வளையமோ, பள்ளத்தைவிட்டு விலகிய வளையமோதான் இருக்கும்.

30 மீட்டர் என்பது நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் இல்லை. அவ்வளவு ஆழத்து நீரின் அழுத்தத்தை, அதாவது ஏறக்குறைய 3 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவை, புது வாட்ச் அசையாமல் இருந்து தாங்கியது என்று பொருள். அன்றாட வாட்ச்களுக்கான ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரநிலையின்படி மாதிரிகளை எடுத்துச் சோதித்தால் போதும். முக்குளிப்பவர்களுக்கான ஐஎஸ்ஓ 6425 அப்படியில்லை. அதில் ஒவ்வொரு வாட்சையும் குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்தாக வேண்டும். நீங்கள் செய்ததோ வெந்நீரும் சோப்பும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால், வெறும் தண்ணீர் நுழையத் தயங்கும் இடுக்கில் சோப்புத் தண்ணீர் தயங்காது. சூட்டில் வாட்சுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. பிறகு பச்சைத் தண்ணீரில் கையை அலம்பியதும் சுருங்கி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கிறது.

அதனால் என் கணக்கு இதுதான்: எத்தனை மீட்டர் என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திறக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் கேசியோ நிறுவனத்தில் கிகுவோ இபே ஜி-ஷாக் வாட்சை வடிவமைத்தபோது மூன்று பத்துகளை இலக்காக வைத்தார்கள்: 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஓட வேண்டும், 10 பார் அழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி 10 ஆண்டு வர வேண்டும். 1983-ல் விற்பனைக்கு வந்தது. விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மூன்றாவது பத்துதான் பெரிது. பத்தாண்டு பேட்டரி என்றால் பத்தாண்டு யாரும் பின்மூடியில் கை வைக்கப்போவதில்லை. வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் வகைக்கும் இதே நன்மை உண்டு.

*

என்னிடம் இருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்த வடிவம், 21 கிராம், பேட்டரி ஏழு ஆண்டு என்கிறார்கள், எனக்கு ஒன்பது வந்தது. முகப்பில் நீர் தாங்கும் என்று எழுதியிருக்கிறதே தவிர எத்தனை மீட்டர் என்று ஒரு எண்ணும் கிடையாது. பாத்திரம், குளியல், மழை, எல்லாம் அதனோடுதான். ஸ்ட்ராப் இரண்டு முறை அறுந்தது. வாட்ச் ஓடுகிறது. பரிந்துரை இல்லை, சாட்சியம் மட்டும்.

*

நான் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். மேலே எழுதியவரின் அதிர்ஷ்டத்தை நம்பி அதே வாட்சோடு குளத்தில் இறங்கிவிடாதீர்கள். நீந்துவதென்றால் 10 பார் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள். என்னுடையது கேசியோ டபிள்யூ-800எச்: 10 பார், பத்தாண்டு பேட்டரி. ஆறாவது ஆண்டு ஓடுகிறது. தண்ணீருக்குள் பொத்தானை மட்டும் அழுத்த மாட்டேன். சுற்று நேரம் எடுக்க வேண்டுமானால் கையை மேலே தூக்கித்தான் அழுத்துவேன். பிள்ளைகள் அதைப் பார்த்து, டீச்சர் ஏதோ கேட்கிறார்கள் என்று தாங்களும் கை தூக்குவார்கள்.

இதற்கு முன் 20 பார் முள் வாட்ச் ஒன்று வைத்திருந்தேன். நல்ல வாட்ச்; அதைக் கொன்றது நான். மாதம் 30 நாளில் முடிந்ததால் தேதியைத் திருத்தினேன், திருகை உள்ளே தள்ளித் திருகி இறுக்க மறந்தேன், குளத்தில் குதித்தேன். திருகு திறந்திருந்தால் 20 பார் என்பது வெறும் எழுத்து. அதனால்தான் திருகே இல்லாத டிஜிட்டலுக்கு மாறினேன்.

ஸ்ட்ராப் பற்றி ஒரு வார்த்தை. தோல் வேண்டவே வேண்டாம், ஒரு மாதத்தில் நாறும். ரெசின் ஸ்ட்ராப் நீங்கள் தினமும் மாட்டும் துளையின் ஓரத்தில்தான் முதலில் வெடிக்கும். வாரம் ஒருமுறை அந்த இடத்தை வளைத்துப் பாருங்கள். முள் வாட்ச் வாங்கினால், ஸ்ட்ராப்பை வாட்சோடு பிணைக்கும் இரண்டு கம்பிப் பின்களுக்கும் அடியில் நுழைந்து போகும் ஒரே துண்டு நைலான் பட்டை நல்லது. ஒரு பின் தெறித்தாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கும். குளோரின் நீரோ கடல் நீரோ பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, ஸ்ட்ராப்பின் உட்பக்கத்தையும் துடையுங்கள். எனக்கு மணிக்கட்டில் சொறி வந்தபோது வாட்சைக் குறை சொன்னேன். அடியில் தங்கியிருந்த சோப்புதான் காரணம்.

*

தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கட்டட வேலை. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7. சாதாரண வாட்ச் கண்ணாடி அதற்குக் கீழே. நீலக்கல் கண்ணாடி 9, கீறாது, ஆனால் விலை கூடும், ஓங்கி இடித்தால் உடையவும் செய்யும். நான் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் கண்ணாடிதான் வாங்குகிறேன். நன்றாகக் கீறும். ஞாயிற்றுக்கிழமை பற்பசையை வைத்துப் பத்து நிமிடம் தேய்த்தால் மறுபடி முகம் தெரியும். எட்டு ஆண்டில் எத்தனை ஞாயிறு தேய்த்தேன் என்று கணக்கில்லை.

*

நாய்க்காரன் திரும்ப வந்திருக்கிறேன். பேட்டரி எப்போது மாற்றினேன் என்று கேட்டவருக்கு: ஆறு மாதம் முன்பு. மாற்றியவர் பின்மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார், மூடவில்லை, மேசை விளிம்பில் வைத்து உடல் எடையைப் போட்டு அழுத்தினார், ‘டக்’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நன்றாக மூடிவிட்டது என்று நிம்மதியாக வந்தேன்.

நேற்று நானே அதைத் திறந்தேன். வளையம் ஓரிடத்தில் பள்ளத்தைவிட்டு வெளியே பிதுங்கி, பின்மூடியின் விளிம்பு அதன்மேல் பதிந்து பாதி அறுத்திருந்தது. 6 மணிப் பக்கம். ஆவி பிறையாகப் படிந்த அதே இடம்.

பத்தாண்டு பேட்டரி, 10 பார், டிஜிட்டல், திருகு இல்லாதது என்று ஒன்று வாங்கிவிட்டேன். வாங்கியதும் ஒரு சோதனை. வாட்ச்களை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியில் ஒரு துளி குளிர்ந்த நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்து, உள்ளே ஆவி படிகிறதா என்று பார்ப்பார்களாம். நான் வெயிலில் காய்ந்த மாடிப்படியில் சற்று நேரம் வைத்துவிட்டுத் துளி விட்டேன். துடைத்தேன். தெளிவாக இருந்தது. புதிதில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும் என்று மனைவி சொன்னாள்; அதுவும் சரிதான்.

இன்று காலை நாய்க்குக் குளியல். வெதுவெதுப்பான நீர், அதே சோப்பு, அதே வாளி. நடுவில் மூன்று முறை மணி பார்த்தேன், நேரத்துக்காக இல்லை. கடைசியாகப் பார்த்தபோது 7:42. அவன் உடம்பை உதறினான். என் சட்டை முழுக்க நனைந்தது.