லைட் போட்டதும் ரிசீவர் வயர் உருகுது: இரட்டை மோட்டார் படகு, உதவி வேணும்

முதுநகர் விசைப்படகு:
வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்துல நிக்கிற விசைப்படகு மாதிரியே மூணடி நீளத்துல ஒரு ரேடியோ கன்ட்ரோல் படகு கட்டியிருக்கேன். 6 வோல்ட் பிரஷ் மோட்டார் ரெண்டு. ஒவ்வொண்ணுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தனி ஸ்பீட் கன்ட்ரோலர், தனி 6 வோல்ட் 4.5 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) லெட் ஆசிட் பேட்டரி. கன்ட்ரோலர் ரெண்டும் ஒரு ஒய் வயர்ல (ரெண்டு பக்கத்து வயரையும் ஒண்ணாக்குற கிளை வயர்) சேர்ந்து, ரிமோட் சிக்னலை வாங்குற ரிசீவர்ல ஒரே சேனலுக்குப் போகுது.

பகல்ல ஏரியில நல்லா ஓடுது. பொழுது சாஞ்சதும் படகை நிறுத்தி வெச்சு மேல்தளத்து லைட் ஸ்விட்சைப் போட்டேன். உடனே பிளாஸ்டிக் கருகுற நாத்தம். திறந்து பார்த்தா, வலது கன்ட்ரோலர்ல இருந்து ஒய் வயருக்கு வர்ற மெல்லிசு வயர் மூணுல (சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ், வெள்ளை சிக்னல்) கருப்பு மட்டும் தோல் உருகி, பக்கத்து வெள்ளையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பேட்டரியோட தடி வயர்ல சூடே இல்ல. மோட்டார் சுத்தாத நேரத்துல மெல்லிசு வயர் எப்படி உருகும்?

தேங்காய்த்திட்டு:
சிவப்பு வயர் ரெண்டும் ஒய் வயர்ல சேர்ந்திருக்கா? கன்ட்ரோலர் ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரிசீவருக்கு 5 வோல்ட் குடுக்குற பி.இ.சி. இருக்கும். ரெண்டையும் சேர்த்தா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். ஒரு பக்கத்து சிவப்பை மட்டும் பிளக்ல இருந்து உருவிடுங்க. கருப்பையும் வெள்ளையையும் தொடாதீங்க.

முதுநகர் விசைப்படகு:
வலது பக்கத்து சிவப்பை ஆரம்பத்துலயே உருவி டேப் சுத்திட்டேன் அண்ணே.

கெடிலக்கரை:
உப்பனாத்துல விட்டீங்களோ? உப்புத்தண்ணி ஒரு சொட்டு கன்ட்ரோலர் போர்டுல பட்டாலே போதும், பச்சை பூத்துடும்.

முதுநகர் விசைப்படகு:
இல்லங்க, நல்ல தண்ணி ஏரி. உள்ளே ஈரமே இல்ல.

பாகூர் வயர்மேன்:
தம்பி, எல்லாரும் மோட்டார் பக்கமே பாக்குறாங்க. வயர் உருகினது லைட் போட்டப்போ. அந்த லைட் எத்தனை வோல்ட்? கரண்ட் எங்கிருந்து எடுத்தீங்க?

முதுநகர் விசைப்படகு:
12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஐயா. 6 வோல்ட்ல எரியல. அதனால இடது பேட்டரி பிளஸ்ஸையும் வலது பேட்டரி மைனஸையும் ஒரு ஸ்விட்ச் வழியா சேர்த்தேன். ஸ்விட்ச் போட்டா சீரிஸ் ஆகி 12 வோல்ட் வரும். ஸ்விட்சை அணைச்சா பழையபடி தனித்தனி.

பாகூர் வயர்மேன்:
அங்கதான் இருக்கு விஷயம். பேட்டரி ரெண்டும் தனித்தனின்னு நெனக்கிறீங்க, ஆனா தனி இல்ல. கன்ட்ரோலர்ல தடி மைனஸ் வயரும் ரிசீவருக்குப் போற மெல்லிசு கருப்பும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான். கருப்பு ரெண்டும் ஒய் வயர்ல சேருது. அப்போ பேட்டரிகளோட மைனஸ் ரெண்டும் ஏற்கெனவே சேர்ந்தாச்சு. பகல்ல அதனால ஒரு கெடுதலும் இல்ல.

ஸ்விட்சைப் போட்டதும் என்ன ஆகுது? இடது பேட்டரி பிளஸ்ல கிளம்புற கரண்ட் ஸ்விட்ச் வழியா வலது மைனஸுக்கு வருது. அங்கிருந்து வலது கன்ட்ரோலர், அதோட மெல்லிசு கருப்பு, ஒய் வயர், இடது பக்கத்து மெல்லிசு கருப்பு, இடது கன்ட்ரோலர். கடைசியில இடது பேட்டரி மைனஸ்லயே போய் முடியுது. நடுவுல லைட்டும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. சுத்தமான ஷார்ட். 4.5 ஏ.எச். பேட்டரின்னா சின்னதுன்னு நெனக்காதீங்க, ஷார்ட் ஆனா பத்து ஆம்பியருக்கு எத்தனையோ மடங்கு தள்ளும். அந்தப் பாதையிலயே மெலிஞ்சது அந்தக் கருப்பு வயர்தான், அதான் அது உருகுச்சு. தடி வயருக்கு அந்தக் கொஞ்ச நேரம் ஒரு பொருட்டே இல்ல.

சந்தேகமா இருந்தா ஒய் வயரைக் கழட்டிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்ல வெச்சு, கன்ட்ரோலர் ரெண்டோட தடி மைனஸ் வயருக்கும் நடுவுல அளந்து பாருங்க. முதல்ல ஸ்விட்ச் அணைச்சு, அப்புறம் போட்டு.

முதுநகர் விசைப்படகு:
அளந்தேன் ஐயா. அணைச்சா பூஜ்யத்தை ஒட்டி நிக்குது. போட்டா 6.3.

தேங்காய்த்திட்டு:
ஐயா சொன்னது சரி, நான் சிவப்பையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்போ பேசாம ரெண்டு பேட்டரியையும் நிரந்தரமா சீரிஸ் போட்டு, 12 வோல்ட்டை ரெண்டு கன்ட்ரோலருக்கும் குடுத்துட்டா?

பாகூர் வயர்மேன்:
ஷார்ட் வராது, மைனஸ் ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்துடும். ஆனா இவர் மோட்டார் 6 வோல்ட். அதே புரொப்பல்லரோட 12 குடுத்தா கரண்ட் எகிறி மோட்டாருக்குள்ள பிரஷ் உரசுற கம்யூட்டேட்டர் கருகிடும். விசைப்படகுக்கு அந்த வேகமும் அழகில்ல.

நான்னா பேரலல்தான் போடுவேன். ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா முழுசா சார்ஜ் ஏத்திட்டு, பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ். 6 வோல்ட் 9 ஏ.எச். ஆயிடும். ஒரு பேட்டரி முன்னாடியே தளர்ந்து படகு ஒரு பக்கமா இழுக்குற தொல்லையும் போகும். பேட்டரி ரெண்டும் ஒரே வயசா இருக்கணும். பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில பழசு ஒண்ணு வாங்கி புதுசோட கோத்துடாதீங்க.

லைட்டுக்கு ஒரு ஸ்டெப்-அப் மாட்யூல் போதும். உள்ளே 6, வெளியே 12. ஸ்ட்ரிப் அரை ஆம்பியர் இழுத்தா பேட்டரி பக்கம் ஒரு ஆம்பியருக்கு மேல போகும்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதுநகர் விசைப்படகு:
அப்படியே செய்றேன் ஐயா. ரிசீவர் பிழைச்சிருக்குமா?

பாகூர் வயர்மேன்:
ஷார்ட் ஒய் வயரோட முடிஞ்சிருக்கு, ரிசீவருக்குள்ள போகல. ஆனா கருப்பு உருகி வெள்ளையில ஒட்டினதால அந்த சேனல் பின்னை நம்ப முடியாது. இடது கன்ட்ரோலரை மட்டும் சொருகி, சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல 5 வோல்ட் வருதான்னு பாருங்க. வந்தா அந்த சேனல்ல ஒரு பழைய சர்வோவை (சுக்கான் திருப்புற சின்ன மோட்டார்) போட்டு ஆட்டிப் பாருங்க. ஒய் வயரைத் தூக்கிப் போடுங்க, பார்க்க நல்லா இருந்தாலும். வலது கன்ட்ரோலரைத் திறந்து, போர்டுல கருப்பு வயர் சேர்ற தடம் கருகியிருக்கான்னும் பாத்துடுங்க.

கெடிலக்கரை:
ஃபியூஸ் போட்டிருந்தா தப்பிச்சிருக்குமே?

பாகூர் வயர்மேன்:
எங்க போடுறோம்ங்கறதைப் பொறுத்தது. பேட்டரி பிளஸ்லயே முதல் ஆளா ஃபியூஸ் இருக்கணும், மத்த எல்லா வயரும் அதுக்கு அப்புறம்தான் பிரியணும். கன்ட்ரோலர் வயர்ல மட்டும் போட்டு, லைட் வயரை நேரா பேட்டரியில இருந்து எடுத்திருந்தா, இந்த ஷார்ட்டுக்கு அந்த ஃபியூஸ் எட்டிக்கூட பாத்திருக்காது. படகைத் தண்ணியில பிடிச்சுக்கிட்டு முழு வேகத்துல மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு அளந்து, அதுக்குக் கொஞ்சம் மேல போடுங்க. டூ வீலர் ஸ்பேர்ஸ் கடையில கிடைக்குற பிளேடு ஃபியூஸே போதும். சிவப்பு 10, நீலம் 15. லைட்டுக்குத் தனியா ஒரு சின்னது.

முதுநகர் விசைப்படகு:
இடது கன்ட்ரோலர்ல 5 வோல்ட் வருது, சர்வோவும் ஆடுது. வலது போர்டுல தடம் கருகி எழும்பி நிக்குது, வேற வாங்கணும். ஸ்டெப்-அப் மாட்யூல் ரிச்சி ஸ்ட்ரீட் போற நண்பர்கிட்ட சொல்லியிருக்கேன். ரொம்ப நன்றி ஐயா.

தேங்காய்த்திட்டு:
லைட் ரெடியானதும் இந்தப் பக்கம் கொண்டு வாங்க தம்பி, பாகூர் ஏரியில விடலாம். ஊசுட்டேரி மட்டும் வேணாம், அது பறவை சரணாலயம்.