இரு மொழிக் காதலர்களின் உரையாடல்: உதவி தேவை

நண்பர்களே, 1314ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆங்கிலேயரை வென்ற பானக்பர்ன் போரைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுதிவருகிறேன். நாயகன், பிணைத்தொகைக்காகப் பிடித்து வைக்கப்பட்ட ஆங்கிலேய வீரன். அவனுக்குச் சோறு கொண்டுவருபவளின் தந்தை 1298இல் ஃபால்கர்க் களத்தில் ஆங்கிலேயரின் அம்புக்குப் பலியானவர். அவளுடைய வெறுப்பு நியாயமானது. அதை இரண்டே அத்தியாயங்களில் கரைத்துவிட எனக்கு மனமில்லை. காலமும் குறைவு. ஆங்கிலேயரிடம் எட்டு ஆண்டுகள் சிறையிருந்த, ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவி எலிசபெத்தே பானக்பர்ன் போருக்குப் பிறகு கைதிகள் பரிமாற்றத்தில்தான் மீண்டார். இவனும் எந்நாளும் விடுதலையாகலாம்.

சிக்கல் மொழியில்தான். அவள் பேசுவது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழி, அவன் பேசுவது அன்றைய ஆங்கிலேயப் பிரபுக்களைப் போல பிரெஞ்சு. இருவருமே தமிழில் பேசும்போது அந்த இடைவெளியை எப்படிக் காட்டுவது? வட்டார வழக்கைக் கொடுத்தால் அவள் நம் ஊர்ப் பெண்ணாகிவிடுகிறாள். மொழிபெயர்ப்பில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.