வயிற்றுவலியோடு குழப்பமும் சேர்ந்து வரும் முதியவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

அவசரப் பிரிவு மருத்துவர்:

எழுபது எண்பது வயதுக்காரர் ஒருவர் வயிற்றுவலி என்று வருகிறார், பேச்சும் கொஞ்சம் தடம் மாறுகிறது. இந்த இடத்தில் அடிக்கடி நடப்பது இரண்டு. குழப்பத்தை வயதின் கணக்கில் எழுதிவிட்டு வயிற்றை மட்டும் பார்ப்பது ஒன்று. வயிறு மெத்தென்று இருக்கிறது, காய்ச்சலும் இல்லை என்று வயிற்றை விட்டுவிட்டுத் தலைக்கு சி.டி. ஸ்கேன் எழுதுவது இன்னொன்று. இரண்டும் எனக்கு ஒத்துவராது. முதலில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கிறதா என்று தேடு, கிடைக்கவில்லை என்றால் பிறகு பிரித்துப் பார் என்பதுதான் என் கட்சி.

நான் பார்த்த ஒரு பாட்டியைச் சொல்கிறேன். மலச்சிக்கல், வாந்தி, வயிறு முழுக்க ஒரு மந்தமான வலி. கேட்ட கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிட்டுத் தூங்கிப்போவார். கூட வந்த மகள், "கொஞ்ச நாளாகவே இப்படித்தான், வயசாயிடுச்சுல்ல டாக்டர்" என்றார். வேறு இடத்திலிருந்து வந்த சீட்டில் மலச்சிக்கல், மறதி நோய் என்று எழுதியிருந்தது. நாக்கு காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் மகள் சொன்னபடி சிறுநீர் மட்டும் நிறையப் போகிறது. உடம்பில் தண்ணீர் வற்றிய ஆளுக்குச் சிறுநீர் நிறையப் போனால் சுகரையும் கால்சியத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. சுகர் சரியாக இருந்தது. கால்சியம் டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராம்! (பத்தரையைத் தாண்டினாலே அதிகம்தான்.) மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னேன். வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய வைட்டமின் டி கேப்ஸ்யூல் அட்டைகள், அடுத்தடுத்து காலியாக. தினமும் ஒன்று போட்டிருக்கிறார். அதோடு கால்சியம் மாத்திரை தனியாக, அப்புறம் பிரஷருக்குத் தயசைடு வகை மாத்திரை, அதுவும் கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற விடாது. எல்லாவற்றையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியில் கோளாறோ புற்றுநோயோ இல்லை என்று பார்த்து முடிப்பதற்குள் பாட்டி தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டார். முதல் வேலையாக மகளைத் திட்டினார்.

அதனால் மருந்துச் சீட்டு எனக்குப் போதாது, பையே வேண்டும். இதயத்துக்கான டிஜாக்ஸின், மனநலத்துக்கான லித்தியம், வலிக்கான ஓபியாய்டு மாத்திரைகள், பல நாள் போட்டுத் திடீரென்று நிறுத்திய ஸ்டீராய்டு, இவை ஒவ்வொன்றும் தனியாகவே வயிற்றையும் மூளையையும் ஒரே நேரத்தில் தொடக்கூடியவை. ஸ்டீராய்டு நிறுத்தியவரிடம் சோடியம், சுகர், ரத்த அழுத்தம் மூன்றும் இறங்கியிருந்தால் முழு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுவிடுவது நல்லது.

அறுவை சிகிச்சை மருத்துவர்:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வயிறு மெத்தென்று இருப்பது எனக்கு நிம்மதி தருவதில்லை. வயதானவர்களுக்குக் குடல் ஓட்டையான பிறகும் வயிறு இறுகாமல் இருக்கலாம், வெள்ளணுக்கள் ஏறாமல் இருக்கலாம், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) போடுகிறவருக்கு நாடித் துடிப்பும் ஏறாது.

ஒரு பெரியவர், ராத்திரி முழுக்கக் கட்டிலில் நெளிந்துகொண்டு, கையில் போட்ட ஊசியைப் பிடுங்கிக்கொண்டு, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை, அமுக்கினாலும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. வார்டில் இதை மனநலப் பிரச்சினை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாடி தாறுமாறாக ஓடியது, ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது. பல் பிடுங்குவதற்காக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தியவர் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை என்று மனைவி சொன்னதும் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. இதயத்திலிருந்து ரத்தக்கட்டி கிளம்பிக் குடலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருக்க வேண்டும். திசுக்களுக்கு ரத்தம் போகாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் நார்மல்தான். ஆரம்பத்தில் அது நார்மலாக இருக்கலாம், அதை வைத்து இந்த நோயை ஒதுக்கக்கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறதே, ஸ்கேனுக்கான கான்ட்ராஸ்ட் மருந்து போடலாமா என்று ஸ்கேன் அறையில் தயங்கினார்கள். சிறுநீரகத்துக்கு வரக்கூடிய ஆபத்து ஒரு பக்கம், குடல் அழுகினால் ஆளே போய்விடுவார் என்பது இன்னொரு பக்கம். சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தோம், அடைப்பு அப்படியே தெரிந்தது. கொஞ்சம் குடலை வெட்ட வேண்டி வந்தது, ஆள் பிழைத்தார்.

மற்றவை சுருக்கமாக. வயதானவருக்கு முதல்முறையாகக் கல் வலி போல இடுப்போரம் பிடித்தால், கல் என்று எழுதுவதற்கு முன் அல்ட்ராசவுண்டை வயிற்றில் வைத்து மகாதமனி (இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், கட்டிலருகிலேயே முடிகிற வேலை. காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்று வலி மூன்றோடு குழப்பமும் ரத்த அழுத்தம் இறங்குவதும் சேர்ந்தால் பித்தக்குழாயில் சீழ். 1959-லேயே ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர் எழுதிவைத்த ஐந்து அடையாளங்கள் இவை, ஆனால் ஐந்தும் ஒன்றாகக் கூடி வருவது அபூர்வம், கூடும்வரை காத்திருந்தால் தாமதம். அப்புறம், துணியை விலக்கித் தொடை இடுக்கைப் பாருங்கள். ஒல்லியான பாட்டிமார்களிடம் சிறிய குடலிறக்கம் அங்கேதான் மாட்டியிருக்கும்.

செவிலியர்:

எங்கள் வார்டில் ஒரு தாத்தா, அடிவயிற்றில் வலி, ஒரே பிதற்றல், எழுந்து எழுந்து ஓடப் பார்க்கிறார். படுக்கை நனைந்துகொண்டே இருந்ததால் சிறுநீர் போகிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். நிரம்பி வழிந்த சிறுநீர் அது. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கல்லு மாதிரி உருண்டை. கதீட்டர் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது, சாயங்காலம் தாத்தா கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பேப்பர் படித்தார். புரோஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சளி மாத்திரை யாரோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது சிறுநீரை அடைத்துவிட்டது. மலம் கெட்டிப்பட்டு அடைத்தாலும் இதே கதைதான், ஒரு விரல் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஆனால் அதைச் செய்யத்தான் ஆள் கிடைக்காது.

அவசரப் பிரிவு மருத்துவர்:

சரியாகச் சொன்னீர்கள். இதை ஒட்டி எனக்கு ஒரு கோபம் உண்டு. குழப்பம் என்றதும் சிறுநீர் டெஸ்ட், அதில் கிருமி தெரிந்ததும் ஆன்டிபயாட்டிக், கதை முடிந்தது என்கிறார்கள். வயதானவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். காய்ச்சலோ, எரிச்சலோ, சிறுநீர் சார்ந்த வேறு அறிகுறியோ இல்லாமல் குழப்பம் மட்டும் இருந்தால் வேறு காரணம் தேடிக்கொண்டு கவனித்து வா என்றுதான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் சொல்கிறது. அந்தக் கிருமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட அப்பென்டிக்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோயாளியின் மகன்:

நான் மருத்துவர் இல்லை, படித்துக்கொண்டே வந்தேன், எழுதலாம் என்று தோன்றியது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய், வாந்தியும் வயிற்றுவலியும் வந்து சாப்பிடாமல் கிடந்தவர் பேச்சும் குழறியது. வீட்டு மிஷினில் சுகர் 190, அதனால் சர்க்கரையால் வந்தது இல்லை என்று முடிவு கட்டியிருந்தோம். மருத்துவமனையில் அவர் போடும் மாத்திரை கிளிஃப்ளோசின் வகை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து) என்று பார்த்ததும் ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) பார்த்தார்கள், மிக அதிகம். சுகர் பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோனால் ரத்தம் அமிலமாவது, வருமாம். அந்த மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "போன வாரம் இவர் தானாகச் செய்த எந்த வேலையை இன்றைக்குச் செய்ய முடியவில்லை?" வீட்டுக் கணக்கு முழுக்க அப்பாதான் எழுதுவார் என்றேன். உடனே, அப்படியென்றால் இது மறதி நோய் இல்லை, புதிதாக வந்தது என்றார்.

அவசரப் பிரிவு மருத்துவர்:

அதே கேள்வியை நானும் கேட்பேன். மாதங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன், டிசம்பர், நவம்பர் என்று. மறதி நோய் முற்றாதவர்கள் பலர் மெதுவாகவாவது சொல்லிவிடுவார்கள், டெலிரியத்தில் (உடல்நோயால் திடீரென்று வரும் குழப்பத்தில்) இருப்பவர் அக்டோபரிலேயே நூலை விட்டுவிடுவார். காலையில் தெளிவு, மதியம் மந்தம் என்று மாறி மாறி இருந்தாலும் அது பெரும்பாலும் டெலிரியம்தான். சத்தம் போடாமல் சுருண்டு படுத்திருப்பவரைத்தான் அதிகம் கோட்டை விடுகிறோம்.

மருத்துவ மாணவர்:

ஒரு சந்தேகம். குழப்பத்தில் இருப்பவருக்கு வலி ஊசி போட்டால் வயிற்றின் அறிகுறி மறைந்துவிடாதா, குழப்பமும் கூடாதா?

அறுவை சிகிச்சை மருத்துவர்:

பழைய பயம். வலி அடங்கிய ஆளைத்தான் ஒழுங்காகப் பரிசோதிக்க முடியும், அடங்காத வலியே குழப்பத்தைக் கூட்டும். மார்ஃபினைச் சின்ன அளவில் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள், சிறுநீரகம் கெட்டிருந்தால் இன்னும் குறைத்து. ஊசி போட்ட பிறகு ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை, நீங்களே போய் வயிற்றில் கை வையுங்கள். அதற்கு முன் ஈசிஜி எடுத்துவிட்டீர்களா? நெஞ்சுவலியே சொல்லாமல் மேல்வயிறு என்று மட்டும் சொல்லிக்கொண்டு வரும் ஹார்ட் அட்டாக்குகள் இந்த வயதில் நிறைய.